முச்சந்தியில் முதலில் யார்?

திருவண்ணாமலையில் யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள். தெருவின் பெயரைச் சொல்லமாட்டார்கள். ‘பெரியார் சிலைக்கிட்டே திரும்புங்க’, ‘அண்ணா சிலையைத் தாண்டி நேரா போங்க’, ‘காந்தி சிலைக்கு எதிர்த்தாப்பல’ என்றுதான் விடை வரும். சிலை இருக்கும் இடம் என்றாலே சாலைகள் கூடும் இடம் என்று பொருள். கிருஷ்ணகிரியிலிருந்து திண்டிவனம் செல்லும் 77-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும், வேலூரிலிருந்து விழுப்புரம், திருச்சி வழியாகத் தூத்துக்குடி வரை செல்லும் 38-ஆம் எண் நெடுஞ்சாலையும் சேரும் ஊர் இது. தேர் ஓடுவதற்காக அமைந்த மாட வீதிகளும், மாட்டுவண்டிக் காலத்துச் சந்துகளும், நெடுஞ்சாலைகளும் இங்கே ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன.

அண்மையில் இவ்வூரில் இரண்டு நாள் தங்க நேர்ந்தது. தேநீர்க் கடை, ஆட்டோ நிறுத்தம், விடுதி வாசல் எனச் சென்ற இடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டேன். ‘போலீஸ்காரர் இல்லை, சிக்னல் இல்லை. இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் சந்திப்புக்கு வருகின்றன. எது முதலில் போகவேண்டும்?’ நேரே போகிற வண்டிதான் என்றார் ஒருவர். முதலில் மூக்கை நுழைத்த வண்டி என்றார் இன்னொருவர். ஹாரன் அடித்தவர் போகலாம் என்றார் ஓர் இளைஞர், சிரிக்காமலேயே. ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் சொன்ன விடைதான் மனத்தில் நின்றது: ‘பெரிய வண்டிக்கு வழி விட்டுடணும் சார். சட்டம் என்னவோ இருக்கட்டும், உயிர் நம்மது இல்லையா?’

சட்டம் இந்த நான்கையும் சொல்லவில்லை. அது சொல்வது ஐந்தாவதான ஒன்று. அதை ஒருவர்கூடச் சொல்லவில்லை என்பதே இக்கட்டுரை எழுதக் காரணம்.

1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் பத்தாம் அட்டவணையில் வண்டி ஓட்டுவோருக்கான ஒழுங்குகள் இருந்தன. சாலைச் சந்திப்பில் நுழையும் ஓட்டுநர், தாம் நுழையும் சாலை ‘முதன்மைச் சாலை’ என்று குறிக்கப்பட்டதாக இருந்தால் அதில் செல்லும் வண்டிகளுக்கு வழிவிட வேண்டும். மற்ற எல்லா இடங்களிலும் தமக்கு வலப்புறமிருந்து சந்திப்பை நெருங்கும் போக்குவரத்துக்கு வழிவிட வேண்டும். இவ்வளவுதான் விதி. 1988-இல் புதிய சட்டம் வந்து, 1989-இல் சாலை விதிகள் தனியே வெளியானபோதும் இந்த வாக்கியம் ஏறக்குறைய அப்படியே இடம்பெற்றது. 2017 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் வட்டச் சந்திப்பில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு வழிவிட வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லின. வலப்புற விதியின் அடிப்படை மாறவில்லை. ஆக, எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக நம்மை ஆண்டுவரும் விதி இது.

விதியின் சொற்களைச் சற்று நிதானமாகப் படிப்போம். 1939-இன் வாசகமும் 1989-இன் வாசகமும் யாருக்கும் ‘உரிமை’ என்று எதையும் கொடுக்கவில்லை. ‘வழிவிட வேண்டும்’ என்ற கடமையைத்தான் விதிக்கின்றன. நாம் அதைத் தமிழில் ‘முன்னுரிமை’ என்று சொல்லத் தொடங்கியதும் பொருள் தலைகீழாகிவிடுகிறது. கடமையுள்ளவர் வேகத்தைக் குறைப்பார். உரிமையுள்ளவர் வேகத்தைக் கூட்டுவார். பிரிட்டனில் கோடோ குறியோ இல்லாத சந்திப்பில் யாருக்கும் முன்னுரிமை இல்லை என்றே ஓட்டுநர்களுக்குக் கற்பிக்கிறார்கள். முதலில் கேட்கும்போது இது பொறுப்பைத் தட்டிக் கழிப்பதுபோல் தோன்றும். ஆனால் யாருக்கும் உரிமை இல்லை என்றால் எல்லாரும் மெதுவாகத்தானே வரவேண்டும்?

அடுத்து, ‘முதன்மைச் சாலை என்று குறிக்கப்பட்ட’ என்ற தொடர். எந்தச் சாலை முதன்மைச் சாலை? அகலமானதா? பேருந்து ஓடுவதா? அல்ல. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 116-ஆம் பிரிவின்படி, அரசிதழில் அறிவிப்பதாலோ, உரிய குறியை உரிய இடத்தில் நடுவதாலோதான் ஒரு சாலை முதன்மைச் சாலை ஆகிறது. அரசிதழைப் படித்துவிட்டு யாரும் ஸ்கூட்டர் ஓட்டுவதில்லை. எனவே நடைமுறையில் குறிதான் எல்லாம். குறி இல்லாத இடத்தில், சட்டச் சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டால், பெரிய வீதியும் சிறிய சந்தும் சமம். வலப்புற விதி ஒன்றே செல்லும்.

இதன் விளைவை ஒரு தாளில் வரைந்து பார்க்கலாம். செங்கம் சாலை மலைக்குத் தெற்கே, கிழக்கு மேற்காகச் செல்வதாகக் கொள்ளுங்கள். வடக்கே மலைப் பக்கமிருந்து ஒரு சந்து வந்து அதில் சேர்கிறது. குறி எதுவும் இல்லை. மூன்று வண்டிகள் ஒரே நேரத்தில் வருகின்றன. ஒன்று ஊரிலிருந்து செங்கத்தை நோக்கி மேற்கே போகும் பேருந்து. இரண்டாவது செங்கத்திலிருந்து கிழக்கே வரும் லாரி. மூன்றாவது சந்திலிருந்து தெற்கு நோக்கி வெளியே வரும் மொபெட். மேற்கே பார்த்திருக்கும் பேருந்துக்கு வலப்புறம் வடக்கு. அங்கே மொபெட் இருக்கிறது. ஆகவே பேருந்து நின்று மொபெட்டுக்கு வழிவிட வேண்டும்! தெற்கே பார்த்திருக்கும் மொபெட்டுக்கு வலப்புறம் மேற்கு. அங்கிருந்து லாரி வருகிறது. மொபெட் அதற்கு நிற்க வேண்டும். கிழக்கே பார்த்திருக்கும் லாரிக்கு வலப்புறத்தில் சாலையே இல்லை. ஆகவே முதலில் லாரி, பிறகு மொபெட், கடைசியில் பேருந்து.

கணக்குப்படி இது பிழையற்ற விடை. ஆனால் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு நேரே போகும் பேருந்து, சந்திலிருந்து எட்டிப்பார்க்கும் மொபெட்டுக்காக நிற்கும் என்று நம்பி எந்த மொபெட்காரராவது சாலையில் இறங்குவாரா? இறங்கினால் விதி அவர் பக்கம். விளைவு என்ன ஆகும் என்பது வேறு. சட்டம் ஒன்று சொல்ல, ஊர் வழக்கம் வேறொன்று சொல்லும் இடத்தில், சட்டத்தை அறிந்தவனே அதிக ஆபத்தில் இருக்கிறான். இந்த விதியின்மேல் நான் வைக்கும் முதல் குற்றச்சாட்டு இதுதான்.

முச்சந்தியில் விடையாவது கிடைத்தது. நாற்சந்தியில் அதுவும் இல்லை. நான்கு காசுகளை எடுத்து நான்கு திசைகளிலும் வையுங்கள். நான்கும் ஒரே நேரத்தில் வந்த வண்டிகள். ஒவ்வொன்றுக்கும் வலப்புறத்தில் ஒரு வண்டி இருக்கிறது. ஒவ்வொன்றும் தன் வலப்பக்கத்து வண்டிக்காகக் காத்திருக்கிறது. யாரும் நகரமுடியாது. விதியை ஒழுங்காகப் பின்பற்றினால் அவர்கள் அங்கேயே சமைத்துச் சாப்பிட வேண்டியதுதான். கணிப்பொறித் துறையில் இதற்கு இணையான ஒரு சிக்கலை டச்சு நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1965-இல் மாணவர்களுக்குத் தேர்வுக் கணக்காகக் கொடுத்தார். ஒன்றுக்காக ஒன்று வட்டமாகக் காத்திருக்கும் நிலையை உடைக்க, வட்டத்துக்கு வெளியிலிருந்து ஒரு கூடுதல் விதி வேண்டும். அமெரிக்காவில் நான்கு பக்கமும் ‘நில்’ பலகை வைத்த சந்திப்புகளில் முதலில் வந்து நின்றவர் முதலில் போகவேண்டும் என்பது அந்தக் கூடுதல் விதி. ஒன்றாக வந்து நின்றால்தான் வலப்புறம் பார்ப்பார்கள். நம் விதியில் அப்படி எதுவும் இல்லை. நம்மிடம் இருப்பது கையசைப்பும், தலையாட்டலும், சில சமயம் வசவும்.

இத்தனை குறை சொன்னபின், இவ்விதி அழகாகப் பொருந்தும் ஓர் இடத்தையும் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லத் திருவண்ணாமலையைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது.

கிரிவலம் என்ற சொல்லில் உள்ள ‘வலம்’ வலக்கையைக் குறிக்கும். மலையை வலப்புறத்தில் வைத்துக்கொண்டு 14 கிலோமீட்டர் சுற்றி வருவது கிரிவலம். மேலிருந்து பார்த்தால் கடிகார முள் சுற்றும் திசை. நாம் சாலையில் இடப்புறம் செல்பவர்கள். ஆகவே நம் ரவுண்டானாவிலும் நடுத்திட்டை வலப்புறம் வைத்துக் கடிகாரத் திசையிலேயே சுற்றுகிறோம். இப்போது கிரிவலப் பாதையின் தெற்குப் பகுதியில், வெளியிலிருந்து மலையைப் பார்த்தபடி ஒருவர் வந்து சேர்கிறார் என்று கொள்வோம். சுற்றி வருகிறவர்கள் அவருக்கு எப்பக்கமிருந்து வருவார்கள்? வலப்பக்கமிருந்து. தெற்கு என்றில்லை, வடக்கு, மேற்கு எங்கு நின்று பார்த்தாலும் அப்படியே. எனவே ‘வலப்புறம் வருபவருக்கு வழிவிடு’ என்றால், ‘சுற்றிக்கொண்டிருப்பவருக்கு வழிவிடு’ என்றே ஆகிறது. உள்ளே இருப்பவர்கள் தடையின்றிச் சுற்றி வெளியேறுவார்கள். இடம் காலியானால் புதியவர் நுழைவார். வட்டம் அடைத்துக்கொள்ளாது.

இதையே பிரான்சில் செய்து பார்த்தால் என்ன ஆகும்? அவர்கள் சாலையில் வலப்புறம் செல்பவர்கள். வட்டத்தைச் சுற்றுவது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில். அங்கேயும் பழைய விதி வலப்புறம் வருபவருக்கு வழிவிடுவதே. ஆனால் அங்கே வலப்புறமிருந்து வருபவர் யார்? வெளியிலிருந்து நுழைபவர்! உள்ளே சுற்றுகிறவர் நின்று, நுழைகிறவருக்கு வழிவிட வேண்டும். நின்றவருக்குப் பின்னால் வந்தவரும் நிற்பார். வெளியேறும் வாய் அடைபடும். வட்டம் நிரம்பிக்கொண்டே போகும். பாரிஸ் நகரில் பன்னிரண்டு சாலைகள் கூடும் எத்துவால் சந்திப்பில் 1907 முதல் வண்டிகள் ஒரே திசையில் சுற்றுகின்றன. நுழைபவருக்கே வழி என்ற பழைய முறை அங்கே இன்றும் உண்டு. பிரான்சின் மற்ற வட்டச் சந்திப்புகளில் 1980-களின் முற்பகுதியில்தான் விதியை மாற்றி, சுற்றுபவருக்கு வழி என்று பலகை நட்டார்கள். ஒரே சொற்களால் ஆன விதி, சாலையின் பக்கம் மாறியதும் நேர்மாறான விளைவைத் தருகிறது. 1968-ஆம் ஆண்டு வியன்னாச் சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை வலப்புற விதியை வலப்புறம் செல்லும் நாடுகளுக்கு மட்டும் விதித்து, இடப்புறம் செல்லும் நாடுகள் தம் விருப்பம்போல் அமைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது.

இடப்புறம் செல்லும் பிரிட்டனிலும் இது தானாக வந்துவிடவில்லை. அங்கே முதல் வட்டச் சந்திப்பு 1909 வாக்கில் லெட்ச்வொர்த் நகரில் அமைந்தது. ஆனால் சுற்றுபவருக்கு வழிவிட வேண்டும் என்பது நாடெங்கும் விதியானது 1966 நவம்பரில்தான். இடையில் அரை நூற்றாண்டுக்கும் மேல் போயிற்று. பிராங்க் பிளாக்மோர் என்ற பொறியாளர் இதற்காக விடாமல் பாடுபட்டார். பின்னர் நடுவில் சிறு வட்டம் மட்டும் தீட்டிய ‘குட்டி ரவுண்டானா’வையும் அவரே உருவாக்கினார்.

நம் ஊர்ச் சிலைகளுக்கு வருவோம். நான்கு சாலைகள் கூடும் சாதாரண நாற்சந்தியில் வண்டிகளின் பாதைகள் ஒன்றோடொன்று பிரியவோ, சேரவோ, வெட்டவோ கூடிய புள்ளிகள் மொத்தம் 32. அவற்றில் 16 நேருக்கு நேர் வெட்டும் புள்ளிகள். அதையே ரவுண்டானாவாக மாற்றினால் 8 ஆகக் குறைகின்றன. வெட்டும் புள்ளி ஒன்றுகூட இல்லை. ஆனால் இந்த நன்மை கிடைக்க நடுத்திட்டு போதிய அளவுடையதாய், நேரே வரும் வண்டியை வளைந்து செல்ல வைப்பதாய் இருக்க வேண்டும். வளைந்தால்தான் வேகம் குறையும். சிலைக்கு ஒரு பீடம், பீடத்துக்கு ஒரு கம்பி வேலி, வேலிமேல் பிறந்தநாள் விளம்பரத் தட்டி என்று ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கும் அமைப்பு ரவுண்டானா ஆகாது. அது பார்வையை மறைக்கும் தூண், அவ்வளவே. சிலை வைப்பவர்கள் தலைவரின் முகம் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்று மிகவும் யோசிக்கிறார்கள். ஓட்டுநரின் கண் எந்தத் திசையைப் பார்க்கமுடியும் என்று யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. பெரிய ரவுண்டானாவுக்கும் ஓர் எல்லை உண்டு. எல்லாச் சாலைகளிலிருந்தும் சேர்த்து மணிக்குச் சுமார் 3000 வண்டிகளுக்குமேல் அது தாங்காது என்று இந்தியச் சாலைக் காங்கிரசின் 1976-ஆம் ஆண்டுப் பரிந்துரை கூறியது.

கண் என்றேன். வலப்புற விதியின் இரண்டாவது பெரிய குறை கண்ணைப் பற்றியது. வலப்புறம் வருபவருக்கு வழிவிட வேண்டுமானால் அவரைப் பார்க்க வேண்டாமா? மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி விநாடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு, உணர்ந்து, காலைப் பிரேக்கில் வைக்க இரண்டரை விநாடி ஆகும் என்பது சாலைப் பொறியாளர்கள் கொள்ளும் கணக்கு. அதற்குள் வண்டி 28 மீட்டர் போய்விடும். பிறகு பிரேக் பிடித்து நிற்க இன்னும் 17 மீட்டர். ஆக 45 மீட்டர். மாட வீதிகளில் ஒரு சந்தின் வாயில் நின்று பாருங்கள். முனைவரை கடை, கடைக்கு முன் நீட்டிய பந்தல், அதற்கு முன் பூக்கூடை, நிறுத்திய இரு சக்கர வண்டிகள். குறுக்குத் தெருவில் வருவது கண்ணில் படும்போது எட்டுப் பத்து மீட்டர்தான் மீதி இருக்கும். எட்டு மீட்டரில் நிற்கவேண்டுமானால் எவ்வளவு வேகத்தில் வரவேண்டும்? அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் மணிக்கு 10 கிலோமீட்டர் வருகிறது. சைக்கிளில் நிதானமாகப் போகும் வேகத்தைவிடக் குறைவு. அந்த வேகத்தில் வந்தால் யாருக்கு முன்னுரிமை என்ற கேள்வியே பெரும்பாலும் எழாது. 40-இல் வந்தால் எந்த விதியும் பயன்படாது.

‘விதியே வேண்டாம், பலகையே வேண்டாம், மக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு போவார்கள்; நம் ஊரில் அதுதானே நடக்கிறது?’ என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நெதர்லாந்துப் பொறியாளர் ஹான்ஸ் மாண்டர்மன், டிராக்டன் நகரின் பெரும் சந்திப்பு ஒன்றில் சிக்னல்களை நீக்கி வெற்றி கண்டதை இவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். அந்த எடுத்துக்காட்டைப் பாதிதான் படித்திருக்கிறார்கள். அவர் சிக்னலை எடுத்ததோடு நிற்கவில்லை; சாலையின் அமைப்பையே மாற்றி, வண்டிகள் தாமாகவே வேகம் குறையும்படி செய்தார். கண்ணோடு கண் பார்த்து வழிவிடுவது மெதுவாகச் செல்பவர்களுக்கு மட்டுமே இயலும். நம் ஊரில் நடப்பது கண்ணும் கண்ணும் பேசுவதல்ல. பம்பரும் பம்பரும் பேசுவது. அதில் லாரி எப்போதும் ஜெயிக்கும். 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின. இந்திய மாநிலங்களில் இதுவே அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர்.

இன்னொன்று. வலப்புற விதி ஓட்டுநருக்காக எழுதப்பட்டது. நடப்பவர் அதில் இல்லை. அவருக்கான விதிகள் வேறிடத்தில், பாதசாரிக் கோட்டோடு கட்டப்பட்டுக் கிடக்கின்றன. பௌர்ணமி இரவில் இவ்வூருக்கு வருவதோ லட்சக்கணக்கான நடப்பவர்கள். ரமணாசிரமம் வழியாகச் செங்கம் சாலையில் நடந்து, ஓரிடத்தில் அவர்கள் வலப்பக்கம் பிரியும் கிரிவலப் பாதையில் திரும்பவேண்டும். சாலையின் இடப்புறமாக நடந்து வந்த கூட்டம் வலப்புறம் திரும்பினால், எதிரே செங்கத்திலிருந்து ஊருக்குள் வரும் பாதையைக் குறுக்கே கடந்தாகவேண்டும். பெங்களூர்ப் பக்கத்து வண்டிகள் வரும் வழியும் அதுதான். கார்த்திகைத் தீபத்தன்று போலீசார் வண்டிகளை ஊருக்கு வெளியே தற்காலிக நிறுத்தங்களில் நிறுத்திவிடுகிறார்கள், சிக்கல் தீர்ந்துவிடுகிறது. சாதாரண நாளின் விடியற்காலையில் நாலைந்து பேராக நடக்கும் குடும்பத்துக்குத்தான் பாதுகாப்பு இல்லை. அன்று கிரிவலப் பாதையிலும் வண்டிகள் இரு திசையிலும் ஓடுகின்றன. மலை ரவுண்டானாவாக இருப்பது நடப்பவர்களுக்கு மட்டுமே.

தேர்த் திருவிழாவில் இந்த ஊர் முன்னுரிமைச் சிக்கலை எவ்வளவு நேர்த்தியாகத் தீர்த்து வைத்திருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். கார்த்திகைத் திருவிழாவின் ஏழாம் நாள் ஐந்து தேர்கள். முதலில் விநாயகர், பிறகு முருகர், அதன்பின் அண்ணாமலையார் பெரிய தேர், அடுத்து அம்மன், கடைசியில் சண்டிகேசுவரர். ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே திசையில். மூலையில் திரும்பும்போது முட்டுக்கட்டை போடுகிறவரின் சொல்லுக்கு வடம் பிடிக்கும் ஆயிரம் பேரும் கட்டுப்படுகிறார்கள். வரிசை எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். யாரும் அங்கே ஹாரன் அடிப்பதில்லை.

சாதாரண நாளில் அந்த வரிசையைச் சொல்லவேண்டியது பலகை. ‘வழிவிடு’ என்பதற்குத் தலைகீழ் முக்கோணம். ‘நில்’ என்பதற்கு எண்கோணம். வேறெந்தக் குறிக்கும் இந்த வடிவங்கள் இல்லை. ஏன் தெரியுமா? எழுத்து அழிந்தாலும், பின்பக்கமிருந்து பார்த்தாலும் வடிவத்தைக் கொண்டே அடையாளம் காணலாம். பெரிய வீதியில் வருபவரும், சந்தில் வருபவருக்கு என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதை அறிந்துகொள்ளலாம். இவ்வூரின் சந்து வாய்களில் நடந்தபோது டியூஷன் விளம்பரங்களும், மனை விற்பனை விளம்பரங்களும், தங்கும் விடுதிப் பெயர்களும் வேண்டிய அளவு கண்ணில் பட்டன. தலைகீழ் முக்கோணத்தைத் தேடத்தான் வேண்டியிருந்தது.

இதற்குப் பெரிய செலவு இல்லை. சந்து பெரிய வீதியில் சேரும் இடத்தில் ஒரு முக்கோணப் பலகை, தரையில் விட்டுவிட்டுப் போட்ட இரட்டைக் கோடு, முனையிலிருந்து சில மீட்டருக்குக் கடையும் வண்டியும் நிற்காத வெற்றிடம், கிரிவலப் பாதை பிரியும் இடத்தில் சாலையை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திய ஒரு மேடு. பலகை நட்ட அன்றே சட்டப்படி அந்தப் பெரிய வீதி முதன்மைச் சாலை ஆகிவிடுகிறது. மேலே தாளில் வரைந்த மொபெட்காரரின் புதிரும் மறைந்துவிடுகிறது. அவர் நிற்கவேண்டும், பேருந்து போகலாம் என்று சட்டமும் வழக்கமும் முதன்முறையாக ஒரே விடையைச் சொல்லும்.

பள்ளி மாணவர்கள் ஒன்று செய்யலாம். உங்கள் ஊர் வரைபடத்தில் குறியில்லாத சந்திப்புகளுக்குச் சிவப்புப் புள்ளி வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஓரமாக நின்று, குறுக்குத் தெருவில் வரும் வண்டி எத்தனை மீட்டர் தொலைவில் கண்ணுக்குத் தெரிகிறது என்று அடி வைத்து அளந்து குறியுங்கள். 45-க்குக் குறைவான எண்களுக்குக் கீழே கோடிடுங்கள். அந்தத் தாளை நகராட்சி அல்லது மாநகராட்சிப் பொறியாளரிடம் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, 116-ஆம் பிரிவு என்ற எண்ணையும் மறக்காமல் சொல்லுங்கள்.